நெத்து விழும் பங்குனி

கரிசல் காட்டில் பங்குனி பிறந்துவிட்டால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக எதையும் தேடக் கூடாது. ஐப்பசி மழையை நம்பி விதைத்த கம்பு, சோளம், உளுந்து, மல்லி எல்லாம் மாசிக்குள் வீடு வந்து சேர்ந்திருக்கும். காட்டில் மிச்சம் நிற்பது பருத்தி மட்டும்தான், அதுவும் கடைசி எடுப்பு. மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கோவில்பட்டிக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரை அந்த மாசத்தில் முதல்முறை பார்க்கிறவர்கள், இங்கேயும் வசந்தம் என்று ஒன்று வருமா என்று கேட்பார்கள். வரும். வேம்பு பூத்து வாசல் தெளிக்கிற நேரத்தில் முற்றமெல்லாம் பூ உதிர்ந்து கிடக்கும். புங்கையில் புதுத் தளிர் வெயிலில் பளபளக்கும். ஆனால் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இளவேனில் வந்து இறங்கிய இடம் பக்கத்து வீட்டு ஆச்சியின் ஆட்டுத் தொழுவம்தான்.

ஆச்சிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு மண்சுவர். அம்மாவுக்கு அவள் அத்தை, எங்களுக்கு ஆச்சி, தெருவில் மற்றவர்களுக்கு ஆட்டுக்காரம்மா. சின்ன வயதிலேயே தாலி அறுத்தவள். நிலம் ஒரு குறுக்கம்கூடக் கிடையாது. ஓலைக் கூரை வீடு, அதன் பின்னால் முள்வேலி அடைத்த தொழுவம், அதற்குள் ஆடுகள். நான் சொல்வது 1980-களின் கடைசி வருஷங்களை.

ஆச்சியிடம் இருந்ததில் பெரும்பாலும் கன்னி ஆடு. எங்கள் பக்கத்து ஆடு அதுதான். தூத்துக்குடி, திருநெல்வேலி, விருதுநகர் மாவட்டங்களைத் தாண்டினால் அவ்வளவாகப் பார்க்க முடியாது. உடம்பு முழுக்கக் கறுப்பு, கண்ணுக்கு மேலிருந்து மூக்கு நுனி வரைக்கும் இரண்டு பக்கமும் ஒரு கோடு. அந்தக் கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்மண் நிறத்தில் இருந்தால் செங்கன்னி. கூடவே கொடி ஆடும் இரண்டொன்று நின்றது. உயரமான ஆடு, ஒல்லிக் கால், வெள்ளை உடம்பில் கறுப்பு தெளித்திருந்தால் கரும்போரை, சிவப்பு தெளித்திருந்தால் செம்போரை. எல்லா ஆட்டுக்கும் ஆச்சி பேர் வைத்திருந்தாள். கொம்பில்லாதது மோழை, காது நீண்டது காதாட்டி, எப்போதும் முன்னால் ஓடுவது அவசரக்காரி. நாங்கள் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு படித்த மாதிரியே அந்தப் பேர்களையும் அம்மா பேர், மகள் பேர், பேத்தி பேர் என்று வரிசையாகச் சொல்லுவோம்.

பங்குனியில் ஏன் இத்தனை குட்டி என்று ஆச்சியிடம் கேட்டிருக்கிறேன். "மழைக்குப் புல்லு முளைக்கும், புல்லு தின்னா ஆடு தெளியும், தெளிஞ்சா கிடாவைத் தேடும். அஞ்சு மாசம் எண்ணிக்கோ" என்றாள். ஆட்டுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். ஐப்பசியிலிருந்து எண்ணினால் சரியாகப் பங்குனியில் வந்து நிற்கும். ஆட்டுக்குப் பால் ஊறுகிற அந்த நேரம் பார்த்துத்தான் கருவேல மரத்திலும் உடைமரத்திலும் காய் முற்றி நெத்தாகி உதிரத் தொடங்கும். புல் காய்ந்து சருகாகிப்போன காட்டில் சத்துள்ள தீனி அது ஒன்றுதான். வானம், மரம், ஆடு மூன்றும் பேசி வைத்துக்கொண்டு செய்த ஏற்பாடு என்று சின்ன வயதில் நினைத்தேன். இப்போதும் அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

குட்டி போடப்போகிற ஆட்டை ஆச்சி காலையிலேயே சொல்லிவிடுவாள். மேய்ச்சலுக்குப் பத்தும்போது அதை மட்டும் பிரித்து நிறுத்தி, வாலடியில் இரண்டு பக்கமும் விரலால் அழுத்திப் பார்ப்பாள். அங்கே குழி விழுந்திருந்தால் அன்றைக்கோ மறுநாளோ ஈனும். மடி இறங்கி, காம்பு திரண்டு, ஆடு கூட்டத்தை விட்டு ஒதுங்கிப் போய் மூலையில் நின்று முன்னங்காலால் மண்ணைப் பறிக்கும். அப்புறம் படுக்கும், எழும்பும், திரும்பிப் பின்பக்கத்தைப் பார்க்கும், மெதுவாகக் கத்தும். அந்தக் கத்தல் வழக்கமான கத்தல் இல்லை. இன்னும் பிறக்காத குட்டியைக் கூப்பிடுகிற சத்தம் அது என்று ஆச்சி சொல்லுவாள்.

எங்களைத் தொழுவத்துக்குள் விடமாட்டாள். சுவரில் ஏறி உட்கார்ந்து பார்க்கலாம், சத்தம் போடக் கூடாது. ஒரு தடவை மட்டும் என்னை உள்ளே கூப்பிட்டாள். அவளுக்குக் கை ஒத்தாசைக்கு ஆள் இல்லாத ராத்திரி அது. அம்மா அரிக்கேன் விளக்கைக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

தலையீத்து ஆடு. முதல் பிரசவம் என்பதால் அதற்கு என்ன நடக்கிறதென்றே தெரியவில்லை, சுற்றிச் சுற்றி வந்தது. தண்ணிக்குடம் உடைந்த பிறகு இரண்டு முன்னங்குளம்பும், அவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு ஒரு மூக்கும் தெரிந்தன. "கால் ரெண்டும் தலையும் வந்துட்டா பயமில்லை" என்றாள் ஆச்சி. இழுக்கவில்லை. ஆடு முக்கும்போது மட்டும் குளம்பைப் பிடித்துக் கீழ்நோக்கித் தாங்கிக் கொடுத்தாள். முதல் குட்டி கிடா, நல்ல எடை. விழுந்ததும் ஆச்சி விரலை வாய்க்குள் விட்டுக் கோழையை வழித்துப் போட்டாள், மூக்கைத் துடைத்தாள், தாயின் முகத்துக்கு முன்னால் நகர்த்தினாள். ஆடு தயங்கி, முகர்ந்து, நக்க ஆரம்பித்தது.

குட்டியின் குளம்பை அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்த்தேன். நுனியில் இளநீர் வழுக்கை மாதிரி வெள்ளையாக, மெத்தென்று ஒரு சதை. வயிற்றுக்குள் கிடக்கும்போது தாயைக் குத்திவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஆச்சி நாலு குளம்பிலும் அதைக் கிள்ளி எடுத்துவிட்டாள். "இது இருந்தா வழுக்கும், நிக்க மாட்டான்." கொஞ்ச நேரத்தில் அது எழும்பிவிட்டது. பின்னங்கால் முதலில், அப்புறம் முன்னங்கால், விழுந்து மறுபடியும் எழும்பி, மடியைத் தேடி ஆட்டின் முன்னங்கால் சந்தில் முட்டியது. ஆச்சி காம்பைப் பிதுக்கி அடைப்பை எடுத்துவிட்டு வாயில் வைத்தாள். சீம்பால் உள்ளே இறங்கியதும் குட்டியின் வால் படபடவென்று ஆடியது.

இரண்டாவது குட்டி பிறந்தபோது அந்த ஆடு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறிக்குட்டி, அதாவது பெட்டைக் குட்டி, மெலிசு, நெற்றியில் ஒரு வெள்ளைச் சுட்டி. நானே துணியால் துடைத்தேன். தாயிடம் கொண்டு போனால் முகர்ந்து பார்த்துவிட்டு முட்டித் தள்ளியது. மறுபடியும் விட்டோம், பின்னங்காலால் உதைத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எப்படி ஒரு தாய் தன் குட்டியை உதைக்கும் என்று கேட்டேன். ஆச்சி பதில் சொல்லாமல் உள்ளே போய்க் கல்லுப்பை உள்ளங்கையில் நுணுக்கிக்கொண்டு வந்தாள். பிரசவ நீர் நனைந்த வைக்கோலை எடுத்து முதலில் குட்டியின் மேல் தேய்த்தாள். அப்புறம் முதுகிலும் வாலடியிலும் உப்பைத் தடவினாள். ஆட்டைக் கம்பத்தோடு குட்டைக் கயிற்றில் கட்டினாள்.

"ஏட்டி, விளக்கை வச்சிட்டு வா. பின்னங்காலை இறுக்கிப் பிடி. விட்டுறாத."

பிடித்தேன். குட்டி குடித்தது.

"அதுக்கு வெறுப்பு ஒண்ணும் இல்லட்டி. மொதப் பிள்ளையை நக்கிட்டு இருக்கும்போதே அடுத்தது விழுந்துட்டு. வாடை மனசுல பதியல. உப்புக்கு ஆசைப்பட்டு நக்கட்டும். நக்க நக்கத் தன் பிள்ளைன்னு தெரிஞ்சுக்கிடும்."

பெரியவளான பிறகு கால்நடை மருத்துவம் படித்த தோழி ஒருத்தியிடம் இதைச் சொன்னேன். ஈன்ற முதல் சில மணி நேரத்துக்குள் தாய் ஆடு குட்டியின் வாடையை முகர்ந்து மனதில் வாங்கிக்கொள்கிறது, அந்த நேரம் தவறினால் தன் குட்டியே அதற்கு அந்நியக் குட்டிதான் என்று அவள் விளக்கினாள். ஆச்சி பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் இல்லை. ஆட்டின் மேல் கோபப்படாமல், என்னையும் கோபப்பட விடாமல், நடுராத்திரியில் உப்பு நுணுக்கிக்கொண்டு வந்த அந்த நிதானம் எந்தப் படிப்பில் கிடைக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

சுட்டி என்றே பேராகிவிட்ட அந்தக் குட்டியைத் தாய் ஏற்றுக்கொள்ள நாளாயிற்று. அதுவரைக்கும் காலையும் மாலையும் கட்டி வைத்துக் காலைப் பிடிக்கும் வேலை என்னுடையது. ஒரு சாயங்காலம் கயிற்றை அவிழ்த்த பிறகும் ஆடு நகராமல் நின்றது. சுட்டி குடித்துக்கொண்டிருக்க, திரும்பி அதன் வாலடியை முகர்ந்து, அடித்தொண்டையில் ஒரு சத்தம் கொடுத்தது. ஆச்சி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவுதான், என் வேலை போய்விட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது, கொஞ்சம் ஏக்கமாகவும் இருந்தது.

அதற்குள் முழுப்பரீட்சை முடிந்து லீவு விட்டிருப்பார்கள். கோவில்பட்டி செண்பகவல்லி அம்மன் தேருக்கு ஊரே கிளம்பிப் போய்த் திரும்பியிருக்கும். பெரிய ஆடுகள் மேய்ச்சலுக்குப் போய்விட, குட்டிகளைக் குடாப்பு என்கிற கவிழ்த்த கூண்டுக்குள் அடைத்து, காவலுக்கு எங்களை விட்டுவிட்டு ஆச்சி போவாள். அவள் தலை மறைந்ததும் குடாப்பைத் தூக்கிவிடுவோம். குட்டிகள் ஒரே நேரத்தில் வெளியே பாயும். ஓடிக்கொண்டே இருக்கும்போது காரணமே இல்லாமல் நாலு காலையும் சேர்த்து மேலே எழும்பும், காற்றில் உடம்பை ஒரு முறுக்கு முறுக்கும், வேறு திசை பார்த்து இறங்கும். அம்மிக்கல் மேல் ஒன்று ஏறினால் அத்தனைக்கும் அந்த அம்மிக்கல்தான் வேண்டும். கொம்பு முளைக்கிற இடத்தில் அரிப்பு எடுப்பதால் கண்டதையெல்லாம் முட்டும். சுவர், உரல், எங்கள் முழங்கால்.

இரண்டு மூன்று வாரத்தில் இலை கடிக்க ஆரம்பிக்கும். அதற்காகக் குழை ஒடித்து வர வேண்டும். வேப்பங்குழை, பூவரசு, வாகை. குழையைத் தரையில் போட்டால் மிதித்துவிட்டுத் தின்னாது. கயிற்றில் கட்டி, குட்டி கழுத்தை நிமிர்த்தினால் எட்டுகிற உயரத்தில் தொங்கவிட வேண்டும். எட்டி எட்டிக் கடிக்கும்போது இலை விலகி ஆடும், மறுபடியும் எட்டும். வேப்பங்குழை கட்டினால் பூவும் சேர்ந்து உதிரும். குட்டிகளின் கறுப்பு முதுகில் வேப்பம்பூ ஒட்டியிருப்பதைப் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும்.

பெரிய ஆடுகளோடு நாங்களும் கண்மாய்க்குப் போவோம். எங்கள் ஊர் மாதிரியான ஊர்களின் கண்மாய்களில் நின்ற கருவேலங்காடுகள் பல, 1981-இல் தொடங்கிய சமூகக் காடுகள் திட்டத்தில் நட்டவை. ஆச்சி தொரட்டியை மரத்தில் மாட்டி ஓர் உலுக்கு உலுக்குவாள். முற்றிய நெத்து சலசலவென்று உதிரும். அந்தச் சத்தம் கேட்டால் போதும், காட்டில் எந்த மூலையில் நின்றாலும் ஆடுகள் பாய்ந்து வரும். கூப்பிடவே வேண்டாம். வயிறு முட்டத் தின்றுவிட்டு ராத்திரி தொழுவத்தில் படுத்து அசைபோடும்போது விதைகளை மட்டும் வெளியே துப்பிவிடும். விடிந்து பார்த்தால் ஒவ்வோர் ஆடும் படுத்திருந்த இடத்தில் கருவேல விதைகள் குவிந்து கிடக்கும். ஆட்டின் வயிற்றுக்குள் ஊறி வந்த விதை சீக்கிரம் முளைக்கும். அதனால் கன்று போடுகிறவர்கள் தேடி வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். புழுக்கையை வாங்கச் சம்சாரிகள் வருவார்கள். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. ஆட்டு எரு போட்ட வெள்ளாமையிலேயே பலன் தெரிந்துவிடும். இப்படித் தொழுவத்திலிருந்து வெறுமனே கழித்துப் போடுவதற்கு ஒன்றுமே இருந்ததில்லை.

எங்கள் வீட்டுக்கும் ஆச்சிக்கும் சண்டை வந்ததும் உண்டு. அம்மா ஆசையாக வளர்த்த அகத்திக் கன்றுகளை அவசரக்காரி சுவரேறி வந்து மொட்டையாக்கிவிட்டாள். "அத்தை, ஆடு வளக்கீகளா, ஊரை அழிக்கீகளா?" என்று அம்மா சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினாள். ஆச்சி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மறுநாள் காலையில் ஒரு பெட்டி புழுக்கையைக் கொண்டு வந்து கன்று இருந்த குழியில் கொட்டிவிட்டுப் போனாள். "மருமவளே, வேர் இருக்கு. தழையும்." தழைத்தது.

இப்போது வாரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆச்சியின் தொழுவத்தில் நின்ற ஆடுகளில் பாதிக்கு மேல் அவளுடையவை இல்லை. காசு உள்ளவர் ஆடு வாங்கிக் கொடுப்பார், ஆள் பலம் மட்டும் உள்ளவர் மேய்த்து வளர்ப்பார். பிறக்கும் குட்டியில் ஆளுக்குப் பாதி, தாய் கடைசி வரைக்கும் சொந்தக்காரருக்கு. இதுதான் வாரத்து ஆடு. நிலமில்லாத பெண் ஒருத்தி கையில் ஒரு பைசா இல்லாமல் மந்தைக்குச் சொந்தக்காரி ஆவதற்கு எங்கள் பக்கத்தில் இருந்த ஒரே வழி. கன்னி ஆடு பெரும்பாலும் இரண்டு குட்டி போடும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு வருஷத்தில் மூன்று ஈத்து. அந்தக் கணக்கின் மேல்தான் ஆச்சியின் வாழ்க்கை நின்றது. எங்களுக்கு விளையாட்டாக இருந்த பங்குனி, அவளுக்கு வருஷத்தின் மொத்த வரவும் தீர்மானமாகிற மாசம். ஒரு குட்டி செத்தால் அவளுடைய மாசக்கணக்கான உழைப்பும் அதோடு போனது, கேட்க நாதி இல்லை. இந்த ஏற்பாட்டில் அந்த அநியாயமும் இருந்தது.

சுட்டியின் தாய் வாரத்து ஆடு. குட்டிகள் பால் மறந்த பிறகு சொந்தக்காரர் பங்கு பிரிக்க வந்தார். ஆடிக் கொடைக்கு முந்தின சமயம், எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் கிடாவுக்கு விலை ஏறுகிற நேரம். ஆச்சி இரண்டு குட்டியையும் கொண்டு வந்து நிறுத்தினாள். தாய்ப்பாலை முதலிலிருந்தே தாராளமாகக் குடித்து வளர்ந்த கிடா, பக்கத்தில் நோஞ்சானாகச் சுட்டி. நான் சுவரில் உட்கார்ந்து கொண்டு, கும்பிடாத சாமி இல்லை. அவர் கிடாவின் முதுகைத் தடவி எடை பார்த்தார். சுட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. கிடாவுக்குக் கயிறு போட்டுக் கொண்டு போனார்.

அவர் தெரு தாண்டும்வரை ஆச்சி முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அப்புறம் சுட்டியைத் தூக்கி என் மடியில் வைத்தாள். "கிடா ஒரு நாள் காசு. மறி அப்படியா? பத்து வருசத்துக்கு வெள்ளாமை" என்றாள்.

சொன்னபடியே நடந்தது. சுட்டி அடுத்தடுத்து இரட்டைக் குட்டிகளாகப் போட்டாள். ஒன்றைக்கூட உதைக்கவில்லை. நான் ஊரை விட்டுப் படிக்கப் போகும்போது ஆச்சியின் தொழுவத்தில் வாரத்து ஆடு ஒன்றுகூட இல்லை, அத்தனையும் சொந்தம். பல வருஷம் கழித்து, 2011-இல் தமிழக அரசு கிராமத்து ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு ஆடுகள் வீதம் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியபோது, அந்த நாலு ஆடு கையில் இல்லாமல் ஆச்சி எத்தனை பங்குனி காத்திருந்தாள் என்றுதான் நினைத்தேன்.

நான் கல்லூரியிலிருந்து லீவுக்கு வந்திருந்த ஒரு சமயம், கீழத்தெருவில் ஒரு பெண் கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தாள். புருஷன் இறந்து சில மாசம்தான் ஆகியிருந்தது. ஆச்சி சுட்டியின் மகளைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு போய் அவள் வீட்டு முளையில் கட்டினாள். சினை ஆடு. நானும் கூடப் போயிருந்தேன். வாரம் எப்படி என்று அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மொத ஈத்து ரெண்டும் ஒனக்கு. அடுத்த ஈத்துல இருந்து ஊர் வழக்கம்" என்றாள் ஆச்சி. கொஞ்ச தூரம் நடந்தவள் திரும்பி நின்றாள். "குட்டி போடுற அன்னைக்கு என்னைக் கூப்பிடு, நடுச்சாமம்னாலும் சரி. உப்பு எடுத்து வச்சிரு."